மிஸ்ஸியம்மா சொன்ன கட்டு

காசிமேட்டுக் குப்பத்தில் மீன் விற்கப் போகிற பொம்பளைகளில் பச்சையம்மாவின் தொண்டைக்கு ஈடான தொண்டை கிடையாது. கல்மண்டபம் முனையில் நின்று "மீனேய், சங்கரா மீனேய்" என்று ஒரு இழுப்பு இழுத்தாளானால் தெருக்கோடி வீட்டில் புளியை ஊறப்போட்டுவிடுவார்கள். கூடையில் அன்றைக்கு வெறும் காரப்பொடி மீன்தான் கிடக்கிறது என்பது பிறகுதான் தெரியவரும். அதற்குள் சட்டியோடு வாசலுக்கு வந்தாயிற்று, வந்தவர்கள் சும்மா திரும்புவார்களா, முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். அந்த நாலு தெருவையும் அவளுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கூவிக் கூவிச் சம்பாதித்தது.

அப்பேர்ப்பட்டவள் இரண்டாவது பிள்ளை பெற்று, தீட்டெல்லாம் கழிந்து, மாசி மாதத்தில் மறுபடி கூடையைத் தூக்கினாள். முனையில் நின்று வாயைத் திறந்தாள். "மீ" வரைக்கும் வந்தது. மிச்சம் வருவதற்குள் தொடை இரண்டும் நனைந்து போயிற்று. கூடைத் தண்ணீர்தான் ஒழுகுகிறது என்று நினைத்துக் கையைத் தூக்கிக் கூடையின் அடியைத் தடவிப் பார்த்தாள். கூடை காய்ந்து கிடந்தது. ஒன்றும் விளங்காமல் இன்னொரு தரம் கூவினாள். இன்னொரு தரம் நனைந்தது. டிராம் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான், அவனுக்கே தெரிந்துவிட்டது போல அவளுக்கு முகம் எரிந்தது. ஒரு மீன்கூட விற்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

மாமியார் கன்னியம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னாமே, அப்டியே திருப்பி எடுத்தாந்துகீற?"

"இடுப்பு வலி அத்த. நிக்க முடியல."

அது பொய்யும் இல்லை. இடுப்பு நிஜமாகவே விட்டுப்போகிற மாதிரி வலித்தது. ஆனால் இடுப்பு வலியோடு இந்தக் குப்பத்தில் எத்தனை பேர் கூடை சுமக்கிறார்கள், அவள் சுமக்க மாட்டாளா? நனைகிற விஷயத்தைத்தான் சொல்ல முடியவில்லை. புருஷனிடம் சொல்ல முடியுமா? மாமியாரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஏலம் போடுகிற மணல் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் நின்றாள்.

"சரி, குந்து கொஞ்ச நாளு" என்றாள் கன்னியம்மா. "ஒன் தெருவுங்கள தேசம்மா பாத்துக்குவா. ஆடிக் கூழு ஊத்தற வரைக்கும் கெடு. அதுக்குள்ள நீ எழுந்து நடந்தா ஒன்னுது. இல்லாங்காட்டி அது அவ தெரு. நீ வூட்டோட கெடந்து கருவாட்டுக்குக் காக்கா ஓட்டு."

தேசம்மா மூத்த மருமகள், பச்சையம்மாவுக்கு ஓரகத்தி. நாலு பிள்ளை பெற்றவள். அவளுக்கென்று தண்டையார்பேட்டைப் பக்கம் தெருக்கள் இருந்தன. தூரம் அதிகம், வியாபாரம் குறைச்சல். கன்னியம்மா வாயை மூடுவதற்குள் "சரி அத்த" என்று ஒத்துக்கொண்டாள். அந்த வேகத்தைப் பார்த்து பச்சையம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. எப்படா விழுவாள், எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்தாளா இவள்? கூடை இல்லாமல், தெரு இல்லாமல், ஒரு வெற்றிலைக்கு மாமியார் கையைப் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து காக்கை ஓட்டுவதை நினைத்தாலே பச்சையம்மாவுக்கு அழுகை முட்டியது.

கல்மண்டபத்துக்குப் பின்னால் ஹில்டா என்று ஒரு சட்டைக்காரப் பெண், ஆங்கிலோ இந்தியக்காரி, இருந்தாள். பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பச்சையம்மாவின் வயசுதான் இருக்கும், வெள்ளிக்கிழமை தவறாமல் அவளிடம் மீன் வாங்குகிறவள். வாய் நிறைய தமிழ் பேசுவாள், பாதி அவளே செய்துகொண்ட தமிழ். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பச்சையம்மா அங்கே போய் நின்றாள்.

"பச்சை, நீ ஏன் வரலே? இப்போ ஒருத்தி வர்றா. கூப்பிடறதே இல்லே. வாசல்ல வந்து சும்மா நிக்கறா, நாம்பளே பாத்து போகணும்."

"எனக்கு ஒடம்பு செரியில்ல மிஸ்ஸியம்மா. இடுப்பு. அப்பறம்..." அவள் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். "கூவ முடியல. கூவுனா சேலை..."

மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹில்டா தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டதால் தலையில் தொப்பியைக் குத்திக்கொண்டே படபடவென்று சொன்னாள். "தெரியும், தெரியும். பேபி வந்து வயிறு லூஸ் ஆச்சு. நீ வயித்தைக் கட்டணும். காலையில் கட்டு, சாயங்காலம் கட்டு. கூடை தூக்கும்போது கட்டு. கூவும்போது கட்டு. இடுப்பு வலி போகும், தண்ணி நிக்கும், எல்லாம் சரி ஆகும்." சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறிப் போய்விட்டாள்.

மருந்து கிடைத்துவிட்டது. என்ன மருந்து என்பதுதான் தெரியவில்லை.

வீட்டில் கேட்டாள். நனைகிற சங்கதியை விட்டுவிட்டு, இடுப்பு வலிக்கு மிஸ்ஸியம்மா வயிற்றைக் கட்டச் சொன்னாள் என்று மட்டும் சொன்னாள். கன்னியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "நான் இன்னா சொன்னேன்? வாயக் கட்டு, வயித்தக் கட்டுன்னு தலபாடா அடிச்சிகினேனா இல்லியா? புள்ள பெத்தவ நண்டு துண்ணா இடுப்பு வலிக்காம இன்னா பண்ணும்? வெள்ளக்காரிக்கே தெரியுது." அன்றைக்கே சோறு பாதியாயிற்று, குழம்பு போயிற்று, நீராகாரமும் சுட்ட அப்பளமும் வந்தது.

பச்சையம்மா வாயைக் கட்டிப் பார்த்தாள். பால் வற்றிக் குழந்தை சிணுங்கியதுதான் மிச்சம். அவளுக்கு ஒன்று மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. தூக்கும்போது கட்டு, கூவும்போது கட்டு என்றாளே, கூவுகிற நேரத்துக்கு மட்டும் எப்படிப் பட்டினி கிடப்பது? மாமியாரைக் கேட்டாள். "அவ இன்னாவோ சொல்லிருப்பா, நீ காதக் கலீஜா வச்சிகினு கேட்டுருப்ப" என்று பதில் வந்தது.

புருஷன் பொன்னுரங்கம் கட்டுமரக்காரன். அவனுக்கு இந்தச் சிக்கலெல்லாம் இல்லை. "பட்டினியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கட்டுன்னா கட்டுறது. மரத்த இன்னா பண்றோம்? கவுறு போட்டு இறுக்கறோம். அலையில பிரியாம நிக்குதா இல்லியா? அதத்தான் அந்தம்மா சொல்லிக்கீது." பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து, அவள் வயிற்றைச் சுற்றி, மரத்துக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டு, காலால் உதைத்து இழுத்து இறுக்கினான். பெண்டாட்டி மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை, அதனால் இன்னும் ஒரு சுற்று சுற்றினான். மரத்துக்கு மூச்சு விடுகிற வேலை இல்லை என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

அடுத்த சந்து ரசூல் பீவி, குழந்தைகளுக்கு ஓதிக் கயிறு கட்டுகிறவள், வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "வேட்டி கட்டி இன்னா ஆவும் புள்ள? வயித்துல காத்து பூந்துகினு கீது. கட்டுன்னா ஓதிக் கட்டுறது." ஒரு கறுப்புக் கயிறும் இடுப்பில் ஏறியது. யார் சொல்வது சரி என்று தெரியாதபோது எல்லாவற்றையும் செய்துவிடுவதுதான் உத்தமம் என்று பச்சையம்மா நினைத்தாள். அரை வயிறு, அதன்மேல் வேட்டி, அதன்மேல் கயிறு.

ஒருநாள் மத்தியானம் வலை உலர்த்துகிற மணலில் ஆள் நடமாட்டம் இல்லை. கடலைப் பார்த்து நின்று, மூச்சை இழுத்து ஒரு கூவல் போட்டாள். வேட்டி மேலே இறுக்கியது, கீழே முன்னைவிட அதிகமாகவே நனைந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சொன்னதையெல்லாம் செய்தாயிற்று. இதற்கு மேல் என்னத்தைக் கட்டுவது? தன் உடம்பில்தான் ஏதோ பெரிய கோளாறு, இனிமேல் ஒன்றும் ஆகாது, தேசம்மா கொடுத்துவைத்தவள் என்று கடலைப் பார்த்து அழுதாள்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. நேரே ஹில்டா வீட்டுக்குப் போனாள். வெறும் வயிற்றில் வெயிலில் நடந்ததால் படியேறும்போதே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஹில்டா அவளைப் பிடித்து உட்கார வைத்து, மூச்சு முட்டுகிறதே என்று ரவிக்கைக்குக் கீழே கையை விட்டவள் திகைத்துப்போனாள். வேட்டியை ஒரு சுற்று அவிழ்த்தாள், இரண்டாவது சுற்று வந்தது. அதை அவிழ்த்தால் கயிறு வந்தது.

"என்ன இது?"

"நீதான மிஸ்ஸியம்மா கட்டச் சொன்ன. கட்டு, கட்டுன்னு."

"நான் இதா சொன்னேன்?"

"பட்டினியும் கெடந்தேன்."

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பச்சையம்மாவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள். ரொட்டியும் டீயும் கொடுத்து அவள் சாப்பிடும் வரைக்கும் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்று, பச்சையம்மாவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "பார். இப்போ சும்மா." கை மெத்தென்று அமுங்கியது. "இப்போ கட்டறேன்." வயிறு பலகையாக நின்றது. "கட்டிக்கிட்டே பேசறேன் பார். தம் புடிக்கலே. மூச்சு போகுது, வருது."

"ஐய, இதுக்குப் பேரு கட்டா?"

"எங்க தம்பி குஸ்திக் கொட்டடிக்குப் போறான் இல்லே, கமால் உஸ்தாத்கிட்டே? அங்கே கர்லா கட்டை சுத்தும்போது அவர் கத்துவார். வயித்தைக் கட்டு, வயித்தைக் கட்டு. நான் அங்கே கேட்டது."

பயில்வான்கள் கொட்டடியில் ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம், குப்பத்தில் வேறு அர்த்தம். இது ஹில்டாவுக்கும் தெரியாது, பச்சையம்மாவுக்கும் தெரியாது. பச்சையம்மாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தைக்காகவா இத்தனை நாளும் பிள்ளைக்குப் பால் இல்லாமல் அடித்தேன் என்று நினைத்தாள்.

"மேலே மட்டும் போதாது" என்றாள் ஹில்டா. "கீழேயும் கட்டணும்." கீழே என்றால் எங்கே என்று சொல்ல அவளிடம் தமிழ் இல்லை. முகம் சிவந்து போய், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "நீ காலையில் போனா மத்தியானம் திரும்பறே. ரோட்டிலே ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவே?"

"இன்னா பண்றது? பொம்பளைங்களுக்கு ரோட்ல இடம் ஏது? அடக்கிகினு நடப்பேன்."

"ஆங். அதுதான். அது செய்."

"அது அடக்கறது மிஸ்ஸியம்மா. கட்டறது இல்ல."

"ஆல் ரைட். கீழே அடக்கு, மேலே கட்டு, மூச்சு விடு. அப்புறம் தூக்கு. அப்புறம் கூவு." ஹில்டா தரையில் பாயை விரித்து, கவுனைக் காலோடு சுற்றிக்கொண்டு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை மேலே தூக்கிக் காட்டினாள். பிறகு நாலு காலில் நின்று ஒரு கையை முன்னால் நீட்டி, எதிர்க் காலைப் பின்னால் நீட்டினாள். நடு உடம்பு ஆடக்கூடாதாம். சுமை தூக்குவது கையும் இல்லை, காலும் இல்லை, இந்த நடு உடம்புதான், இது தொளதொளத்துப் போனதால்தான் மொத்தப் பாரமும் முதுகெலும்பில் போய் உட்காருகிறது என்றாள். பச்சையம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். படித்த பெண், தரையில் படுத்து இப்படியெல்லாம் செய்கிறாளே என்று பார்க்கிறவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து செய்தாளே ஒழிய நம்பிக்கை இல்லை. நெத்திலியைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்து இடுப்பைத் தூக்கினால் உடம்பு சரியாகும் என்று யாராவது கேட்டதுண்டா? கன்னியம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு நேரே ரசூல் பீவியைக் கூட்டி வந்தாள். "பாரு, பேய்தான் புடிச்சிகீது. மல்லாந்த ஆமை கணக்கா எக்கி எக்கிக் குதிக்கிறா." பொன்னுரங்கத்துக்குத் தன் முடிச்சை அவிழ்த்துப்போட்டதில் மனவருத்தம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பச்சையம்மா பாயை மறுபடி விரித்தாள்.

சித்திரை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தரம் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். வைகாசியில் ஒருநாள் குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்தாள். எழுந்த பிறகுதான் யோசித்தாள், சுவரைப் பிடிக்கவில்லையே, தரையில் கையூன்றவில்லையே, நான் எப்படி எழுந்தேன்? மறுபடி உட்கார்ந்து எழுந்து பார்த்தாள். அப்புறம் தண்ணீர்க் குடம். தூக்குவதற்கு முன்னால் கீழே அடக்கி, மேலே கட்டி, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினால் இடுப்பு தேமே என்று இருந்தது. ஒருநாள் தும்மினாள். தும்மிவிட்டுப் பயத்தோடு காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுப்படியில் தன்னந்தனியாகச் சிரித்தாள்.

ஆனியில் மணலுக்குப் போய் மெதுவாகக் கூவிப் பார்த்தாள், பிறகு பலமாக, பிறகு பழைய இழுப்பு. அந்த இழுப்பு முன்னைவிட நீளமாகவே போயிற்று. மூச்சு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆடி பிறந்து, கோயிலில் கூழ்ப் பானையெல்லாம் கழுவி வைத்துவிட்டார்கள். மறுநாள் கூழ். பச்சையம்மா மாமியாரிடம் ஒன்றும் சொல்லாமல் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, கூடையை ஒரே தூக்காகத் தூக்கி வைத்தாள். தேசம்மாவை இன்று முனையிலேயே நிறுத்தி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும். அந்த நாலு வார்த்தையைத்தான் மாசியிலிருந்து தீட்டிக்கொண்டிருந்தாள்.

முனையில் நின்று கூவினாள். கதவுகள் திறந்தன. "வந்துட்டியா பச்சையம்மா" என்று ஒருத்தி மாடியிலிருந்து கேட்டாள். வியாபாரம் ஆகிக்கொண்டிருக்கும்போதே தேசம்மா தன் கூடையோடு சந்திலிருந்து வந்து நின்றாள். சண்டை போட வரவில்லை. கூடையை இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, கூட்டம் கலையும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு கிட்டே வந்து, பச்சையம்மாவின் முகத்தைப் பார்க்காமல், சேலையையே பார்த்தாள்.

"கூவுனியே. ஒனக்கு ஒண்ணும் ஆவலியா?"

"இன்னா ஆவணும்?"

தேசம்மா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த கொசுவத்தைக் கையால் அமுக்கிக்கொண்டாள். அதற்குள்ளே தடியாக என்னமோ இருந்தது. பழந்துணி மடிப்பு. பச்சையம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் பிடிபடவில்லை, பிடிபட்டதும் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"எப்போத்திலேருந்துக்கா?"

"மூத்தவன் பொறந்ததிலேருந்து" என்றாள் தேசம்மா. "யார் கைல சொல்றது? ஒன் தெரு கிட்டக்க, கூவவும் வேணாம். வாசல்ல நின்னா போதும், அவுங்களே வந்து பாத்து வாங்கிக்கிறாங்க. அதுக்கோசரந்தான் அத்த கேட்டதும் ஒத்துகினேன். ஒன்னுத பறிச்சிக்கணும்னு இல்லமே. இந்த ஆறு மாசந்தான் நான் பயமில்லாம நடந்தேன். எட்த்துக்கோ, ஒன்னுதுதான்." சொல்லிவிட்டுக் குனிந்து கூடையைத் தூக்கப் போனாள். தூக்கும்போது அவள் முகம் கோணியதைப் பச்சையம்மா பார்த்தாள்.

தீட்டி வைத்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட இப்போது நாக்கில் இல்லை. இவளையா கரித்துக் கொட்டினோம்? நாலு பிள்ளை, அத்தனை வருஷம், ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் இடுப்பு வலி, இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டு. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பச்சையம்மா தேசம்மாவின் கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இங்கயே நட. நான் தண்டையார்பேட்டை போறேன்."

"இன்னா ஒளறுற?"

"எனக்குத் தொண்டை கீது, போறேன். சாயங்காலம் வேலை முடிச்சிட்டு உள்ளாற என்னாண்ட வா. படுத்து எழுந்துக்கிற ஒரு வித்தை கீது, காட்றேன். பாத்தா சிரிப்பா இருக்கும், நம்பவும் தோணாது. செய்யி. கொஞ்ச நாளு புடிக்கும்."

கன்னியம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "இந்தத் தெருவுக்காகத்தானடி பட்டினி கெடந்த, பேயாட்டம் குதிச்ச? கைக்கு வந்ததும் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே, மூளை கீளை கலங்கிப்போச்சா?" என்று கூழ் ஊற்றுகிற நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் பெண்டாட்டியைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், தலையைச் சொறிந்துகொண்டு கடலுக்குப் போய்விட்டான். இரண்டு மருமகள்களும் வந்தவர்களுக்கெல்லாம் கூழை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

தண்டையார்பேட்டையில் பச்சையம்மாவை யாருக்கும் தெரியாது. முதல் தெருவில் கூவினாள், ஒருத்தரும் வரவில்லை. இரண்டாவது தெருவில் வயிற்றைக் கட்டி நன்றாக இழுத்துக் கூவினாள். ஒரு வீட்டுக் கதவு திறந்து, ஈரக் கையோடு ஒரு பொம்பளை எட்டிப் பார்த்தாள். கூடையை இறக்கச் சொல்லி, கவலை மீனைப் புரட்டிப் பார்த்து, சட்டியில் போட்டுக்கொண்டாள்.

"வந்துகினு இருந்தாளே, அந்த ஊமச்சி எங்க?" என்று கேட்டாள். "கதவத் தட்டிட்டு நிப்பா. வருஷக்கணக்கா வந்துகினு இருந்தா, ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. பாவம், நல்லவ. ஆறு மாசமா காணோம்."

பச்சையம்மா கூடையை ஒழுங்கு பண்ணிக்கொண்டே இருந்தாள்.

"அவ ஊமை இல்லக்கா" என்றாள்.

"பின்ன?"

பச்சையம்மா காசை முந்தானையில் முடிந்துகொண்டாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.